முதலில் போட்டது நாங்கள்தான்

மரணச் செய்தி சொல்லும் ஜனாஸா அறிவித்தலிலும் தங்கள் செய்தித்தளத்தின் முத்திரையைக் குத்திப் பரப்புகிற ஆட்கள் வேறெங்காவது இருக்கிறார்களோ தெரியாது. எங்கள் கரையோரத்தில் இருக்கிறார்கள். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பாருங்கள், ஊருக்கு நாலு செய்தித்தளம். ஒரு லெப்டொப்பும் வீட்டு இணைய இணைப்பும் இருந்தால் போதும், தளம் ரெடி. எல்லாத் தளத்தின் நெற்றியிலும் ஏதோ ஒரு வடிவில் ஒரே வசனம்தான்: முதலில் தருவது நாங்களே. ஒரே செய்தி, ஒரே எழுத்துப்பிழையோடு, எல்லாவற்றிலும் கிடக்கும். இதில் யார் முதல், யார் கடைசி என்று கேட்டால் ஒருவனுக்கும் பதில் தெரியாது.

இந்தத் தளங்களைக் கட்டிக் கொடுத்த வெப் டெவலப்பர்களில் நானும் ஒருவன். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம். வெளியில் நின்று பார்ப்பவனுக்கு இந்தத் தளங்களின் உள்வீடு தெரியாது, எனக்குத் தெரியும்.

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஒஃபிஸ். வெளிநாட்டுக்காரருக்குத் தளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. கரையோரத்து டெவலப்பர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். அதைக் குறை சொல்ல வாய் வராது. ஒருவனுடைய சேர்வர் விழுந்தால் இன்னொருவன் சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்பி வருவான். புதிதாக என்ன வந்திருக்கிறது, எந்தத் தளத்தை எவன் உடைத்தான், எங்கே வேலை காலியாக இருக்கிறது என்று நாள் முழுக்கக் கதை போகும். நோன்பு காலத்தில் ஒரு நாள் சேர்ந்து இஃப்தார் வைப்போம். கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கோட் பற்றிச் சண்டை பிடிப்போம். நல்ல சண்டைகள் அவை.

ஜனாஸா விஷயம் அந்தக் குரூப்பில்தான் ஆரம்பித்தது. எங்கள் ஊர்களில் ஒருவர் மௌத்தானால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். எந்த வக்துத் தொழுகைக்குப் பின்னால், எந்த மையவாடியில் நல்லடக்கம் என்பதையும் சொல்வார்கள். ஊருக்குள் இருப்பவனுக்கு அது போதும். கொழும்பில் கடையில் நிற்பவனுக்கும், கட்டாரில் வேலை செய்பவனுக்கும், நாவிதன்வெளி வயலில் மெஷினோடு நிற்பவனுக்கும் அது எப்படிக் கேட்கும்? அவர்களுக்காகத் தளங்கள் அறிவித்தலைப் போட்டன. ஆளாளுக்குத் தனித்தனியாக டைப் பண்ணி, ஒருவன் வாப்பாவின் பெயரைப் பிழையாகப் போடுவான், இன்னொருவன் மையவாடியை மாற்றிப் போடுவான். மையத்து வீட்டுக்காரர் அழுவதா, போன் எடுத்துத் திருத்தச் சொல்வதா?

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் உட்கார்ந்து கதைத்து முடிவெடுத்தோம். அறிவித்தல் ஓரிடத்தில் மட்டும் பதியப்படட்டும். பள்ளிச் செயலாளரே பதியட்டும். எல்லாத் தளமும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். அந்த வேலையை நான் பொறுப்பெடுத்தேன். ஏபிஐ என்று நாங்கள் சொல்வது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு தளம் வந்து "இன்றைக்கு யாருடைய ஜனாஸா, எப்போது, எங்கே?" என்று கேட்டால், அந்த நேரத்தில் உள்ள சரியான பதிலை என் சேவை சொல்லும். அவ்வளவுதான்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பதிலைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்க வேண்டும். காலையில் கரைவலைக்காரனிடம் கேட்ட மீன் விலையைப் பின்னேரமும் சொல்லிக்கொண்டு திரிய முடியுமா? ஜனாஸா நேரமும் அப்படித்தான். கொழும்பிலிருந்து மகன் வருகிறான் என்று பொழுது படுகிற மஃரிப் வரைக்கும் வைப்பார்கள். அவனுக்கு வர வழியில்லை என்று தெரிந்தால், மையத்தைத் தாமதிக்கக் கூடாது என்று அதற்கு முந்திய அஸருக்கே எடுத்துவிடுவார்கள். நேரம் மாறுவது எங்களிடையே சாதாரணம். இதை மணலில் உட்கார்ந்து விரல் மடக்கி விளங்கப்படுத்தினேன். எல்லோரும் "ஓம் ஓம்" என்றார்கள். மற்றவர்களை விடச் சத்தமாக "ஓம்" சொன்னவன் கல்முனைக்காரன்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு ஒன்றாகப் படித்தவன், கெட்டிக்காரன், கல்முனையில் பெரிய செய்தித்தளம் நடத்துகிறான். எங்கள் பகுதியில் அதிகம் பேர் பார்ப்பது அவனுடைய தளத்தைத்தான். என் சேவை வந்த கொஞ்ச நாளில் அவன் அதன் மேல் ஒரு வேலை செய்தான். புது அறிவித்தல் வந்தவுடன் அது தானாகவே ஒரு போஸ்டர் படமாக மாறும். கறுப்புக் கரை, மூலையில் ஒரு வெள்ளை ரோஜா, பெயர், நேரம், மையவாடி. கீழே மௌத்தானவரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் பச்சை நிறத்தில் இவனுடைய தளத்தின் பெயர். அதற்குக் கீழே, முதலில் தருவது நாங்களே. படம் தானாகவே அவனுடைய அத்தனை வட்ஸ்அப் குரூப்புக்கும் போய்விடும்.

குரூப்பில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் கேட்டேன்.

"நேரம் மாறினா படம் என்ன செய்யும் மச்சான்?"

"மாறினா பள்ளில சொல்லுவாங்கதானே."

"பள்ளில சொல்றது கேக்காத ஆக்களுக்குத்தானே நாம இத செஞ்சது?"

"பாப்பம், பாப்பம். அதையும் செய்வம்" என்றான். பிறகு அவனுக்கு அதைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. ரோஜாவின் நிறத்தை மாற்றுவதற்கு மட்டும் நேரம் கிடைத்தது.

இனி என் காக்காவின் கதை, எனக்கு மூத்த சகோதரர். காக்கா பிறந்த கையோடு உம்மாவுக்குக் கடும் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கிடந்தா, பால் கொடுக்க ஏலாமல் போயிற்று. பக்கத்து வீட்டில் அதே நாட்களில் ஒரு பெண்பிள்ளை பிறந்திருந்தது. அந்த வீட்டுக்காரி வந்து, கேட்காமலே காக்காவைத் தூக்கி மடியில் போட்டுப் பால் கொடுத்திருக்கிறா. ஒரு பக்கம் தன் மகள், மறுபக்கம் எங்கள் காக்கா. உம்மா சுகமாகி வந்த பிறகும் காக்கா அந்த மடியை விடவில்லையாம். மார்க்கத்தில் அவ காக்காவுக்குத் தாய். அவவின் பிள்ளைகள் காக்காவுக்கு உடன்பிறப்பு, கலியாணம் முடிக்க ஆகாது. பிறகு அந்தக் குடும்பம் அக்கரைப்பற்றுக்குக் குடிபோனது. எங்கள் பெருநாள் எப்போதும் இப்படித்தான்: காக்கா எங்கள் உம்மாவின் கையைக் கொஞ்சிவிட்டு, புது உடுப்பு கசங்குவதற்கு முன்னால் அக்கரைப்பற்றுக்குப் போய்விடுவார். அங்கே அவரை "மூத்த மகன்" என்றுதான் அறிமுகப்படுத்துவார்களாம்.

காக்காவிடம் நெல் வெட்டும் மெஷின் ஒன்று இருக்கிறது. அந்தப் போகத்தில் நாவிதன்வெளிப் பக்கம் வெட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய போன் வயல் சேற்றில் விழுந்து நாசமாகி, புது நம்பர் எடுத்திருந்தார். அக்கரைப்பற்றில் அவர்களிடம் இருந்தது பழைய நம்பர் மட்டும்தான்.

பால் கொடுத்த அந்த உம்மா மௌத்தான அன்று, அவர்கள் பழைய நம்பருக்கு அடித்துக் களைத்துப் போனார்கள். நான் ஒரு வேலையாக அம்பாறை டவுனில் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. காக்கா பகல் சாப்பாட்டுக்கு மெஷினை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்திருக்கிறார். யாரோ ஒரு குரூப்பில் அந்தப் போஸ்டர். கறுப்புக் கரை, வெள்ளை ரோஜா. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், அக்கரைப்பற்று. நல்லடக்கம் இன்று மஃரிப் தொழுகையின் பின்.

மெஷினை அப்படியே வரம்போரம் விட்டுவிட்டு வந்தார். மையத்து வீட்டுக்குள் சேறோடு போக முடியாது, முகம் பார்க்கப் போகிறவர். வீட்டுக்கு வந்து குளித்து, வெள்ளைச் சாரன் உடுத்தி, அஸரையும் சாய்ந்தமருதிலேயே தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்திருக்கிறார். நேரம் இருக்கிறது என்ற நினைப்பு. ஏன் நினைக்க மாட்டார்? எழுதியிருக்கிறதே மஃரிப் என்று! காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை எல்லாம் தாண்டி அந்தத் தெருவுக்குள் திரும்பினால், எதிரே தொப்பி போட்ட ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள். கால்களில் மையவாடி மணல். வீட்டு முற்றத்தில் கதிரைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்களாம்.

அந்த உம்மாவின் மகன் சவூதியில் இருக்கிறான். உம்மாவுக்குக் கடுமை என்று கேள்விப்பட்டு முதல் நாள் இரவே பிளேன் ஏறுவதாக இருந்தான், அதனால்தான் மஃரிப். டிக்கெட் கிடைக்கவில்லை என்று அன்று பகல் சாப்பாட்டுக்கு முன்னமே சொல்லிவிட்டான், நேரம் அஸருக்கு மாறியது. பள்ளிச் செயலாளர் உடனேயே என் சேவையில் திருத்திவிட்டார். காக்கா போனைப் பார்த்தபோது சரியான நேரம் அங்கே இருந்தது. அவர் கையில் வந்த படத்தில் மட்டும் இல்லை.

காக்காவோடு ஒன்றாகப் பால் குடித்த அந்தத் தங்கச்சி வாசலுக்கு வந்து சொன்னாவாம். "கடைசிவரைக்கும் முகத்த மூடாம வச்சிருந்தம் காக்கா. நீங்க வருவீங்க எண்டு தெருவத் தெருவப் பாத்தம்."

அந்நிய ஆண் யாருக்கும் அந்த முகத்தைப் பார்க்க உரிமை இல்லை. காக்காவுக்கு இருந்தது. பால் குடித்த உரிமை அது. காக்கா இதை எனக்கு வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார். உட்காரவில்லை. அழவும் இல்லை. "மையவாடிக்குப் போய் மண் மட்டும் போட்டுட்டு வந்தன்" என்றார்.

என் சேவையில் யார் எப்போது வந்து கேட்டார்கள் என்ற பதிவு இருக்கும். எடுத்துப் பார்த்தேன். கல்முனைக்காரனுடைய தளம் நேரம் மாறிய பிறகும் வந்து கேட்டிருக்கிறது. அஸர் என்று என் சேவை பதில் சொல்லியிருக்கிறது. அதை வாங்கித் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது! அவனுக்கு அடித்துக் கேட்டேன்.

"அது மச்சான், ஒருக்காப் போட்ட ஜனாஸாவத் திரும்பப் போடாம இருக்கத்தான் அப்பிடி எழுதினது. ரெண்டாவது படம் போனா, முதல் போட்டது பிழை எண்டு சனம் நெனைக்கும். தளத்துட பேர் கெட்டிரும்."

"முதல் போட்டது பிழைதானேடா!"

"போடக்குள்ள சரியாத்தானே இருந்திச்சி?"

பேர் கெடுமாம். ஒரு தாயின் முகத்தைப் பார்க்காமல் ஒருவன் திரும்பி வந்தால் கெடாத பேர், ஒரு திருத்தம் போட்டால் கெட்டுவிடுமாம். இவனோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

நடந்ததை அப்படியே எங்கள் குரூப்பில் எழுதினேன். யாரையும் ஏசவில்லை. இனி படம் செய்கிறவர்கள் நேரம் மாறினால் திருத்தப் படம் அனுப்ப வேண்டும், முதலில் தந்த பெருமையைவிட அது முக்கியம் என்று மட்டும் கேட்டேன். வந்த பதில்களை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. ஒருவன் கை கூப்பிய பொம்மை போட்டான். ஒருவன் "இணையத்தில வந்தா பிழை சரி இரிக்கும்தானே" என்றான். குரூப் அட்மின், வயதில் எங்களுக்கு மூத்தவர், குரல் பதிவு அனுப்பினார். "தம்பி, சூடாகாதீங்க. அல்லாஹ்ட நாட்டம் அவ்வளவுதான். அந்த முகத்தப் பாக்க உங்கட காக்காக்கு எழுதியில்ல."

இதற்குத்தான் எனக்கு வெறி வந்தது. நானும் எழுதினேன். மௌத்து அல்லாஹ்வின் நாட்டம், ஓம். அந்த மகனுக்கு டிக்கெட் கிடைக்காமல் போனதும் அல்லாஹ்வின் நாட்டம், ஓம். போஸ்டரைத் திருத்தாமல் விட்டது கல்முனை மச்சானுடைய நாட்டம். அதை அல்லாஹ்வின் தலையில் கட்டாதீர்கள்.

அட்மின் என் பதிவை அழித்துவிட்டார். ஒற்றுமை முக்கியமாம். கல்முனைக்காரனும் தன் தளத்திலிருந்து அந்தப் போஸ்டரைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டான். பிழை என்று ஒரு வார்த்தை இல்லை, மன்னிப்பு என்று ஒரு வரி இல்லை. ஆயிரம் போனுக்குள் போய்விட்ட படத்தைத் தன் வீட்டுச் சுவரிலிருந்து மட்டும் கழற்றிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டான்.

நடுவில் நின்ற ஒரு நண்பன் எங்கள் இருவரையும் கல்முனையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குக் கூப்பிட்டான். போனேன். பிளேன்டீ வந்தது. கல்முனைக்காரன் சீனியைக் கலக்கிக்கொண்டே சொன்னான்.

"நீ இவ்வளவு பெருசாக்கிற அளவுக்கு என்ன நடந்த மச்சான்? உங்கட காக்காட சொந்தத் தாயா அவ? பால் குடிச்ச உறவுதானே."

நான் எழும்பிவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"பால் குடிச்ச உறவுதானேயா? அந்தத் தங்கச்சிய எங்கட காக்காக்கு நிக்காஹ் பேசினா, மார்க்கம் உடுமா? நீயே சொல்லு. உடாது. கலியாணத்துக்குக் குறுக்க நிக்கிற உறவு மௌத்துக்கு மட்டும் இல்லாமப் போகுமா? உன்ட தளத்துல நோன்பு வந்தா மார்க்கச் செய்தி போடுறியே, அதையெல்லாம் நீ வாசிக்கிறல்லையா?"

கூப்பிட்ட நண்பன் என் கையைப் பிடித்து இழுத்தான். தேத்தண்ணியை வைத்தது வைத்தபடி வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அவனுடைய தளத்துக்கு என் சேவையை மூடினேன். அடுத்த நாளே ஒரு பள்ளிச் செயலாளர் கோல் எடுத்தார், நல்ல மனிசன். "தம்பி, நேத்து எங்கட ஜனாஸா அவங்கட தளத்துல வரல்ல. அதப் பாக்கிற சனம்தானே கூட. உங்கட சண்டைக்குள்ள மையத்தப் போட்டு இழுக்காதீங்க." அவர் சொன்னது நியாயம். அவனைத் தண்டிக்கப் போய், இன்னொரு வீட்டு மகனுக்குச் செய்தி போகாமல் பண்ணினால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? பல்லைக் கடித்துக்கொண்டு திறந்துவிட்டேன்.

ஆனால் சும்மா திறக்கவில்லை. இப்போது என் சேவை யாருக்கும் நேரத்தைக் கொடுப்பதில்லை. பெயர், ஊர், மையவாடி கொடுக்கும். நேரம் வேண்டுமா, என் பக்கத்தின் லிங்கைத் தட்டிப் பார்க்க வேண்டும். படத்துக்குள் ஏறாத ஒன்றைப் பழைய படமாகப் பரப்ப முடியாதல்லவா. இதற்கு குரூப்பில் என்ன கதை தெரியுமா? ஜனாஸாவை வைத்து என் தளத்துக்கு ஆள் சேர்க்கிறேனாம்! விளம்பரம் ஒன்றுகூட இல்லாத, வெள்ளைப் பக்கத்தில் கறுப்பு எழுத்து மட்டும் இருக்கிற ஒரு தளம் அது. நான் குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன். இஃப்தாருக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. போகவும் மாட்டேன்.

அந்த நோன்புப் பெருநாள் அன்று காக்கா அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டு வழமையைவிடச் சுணங்கி வந்தார். நேராக என் அறைக்கு வந்து போனை நீட்டினார். அந்தப் போஸ்டர். கறுப்புக் கரை, ரோஜா, பச்சை எழுத்து.

"இத இன்னும் வச்சிருக்கீங்களா? தாங்க, அழிச்சிருவம்" என்று போனைப் பறிக்கப் போனேன்.

"அழிச்சிராத" என்றார். "அங்க போய்க் கேட்டன், உம்மாட போட்டோ ஒண்டு இரிக்கா எண்டு. இல்லையாம். படம் எடுக்க உட்டதில்லதானே அவ. அவவ நெனச்சிப் பாக்க என்னட்ட இரிக்கிறது இது ஒண்டுதான். அவன்ட பேர எடுத்துட்டு, நேரத்த சரியாப் போட்டுத் தா."

படத்தைக் கணினியில் திறந்தேன். காக்கா பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை எழுத்தை அழித்தேன். முதலில் தருவது நாங்களே என்பதை அழித்தேன். மஃரிப் என்று இருந்த இடத்தில் அஸர் என்று அடித்தேன். போனுக்கு அனுப்பினேன். காக்கா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சா?"

"முடிஞ்சி காக்கா."

"இவ்வளவுதானாடா வேல?"

"ஓம் காக்கா" என்றேன். "இவ்வளவுதான்."